கொடி அவர் வண்டியில, வாடகை வேற வண்டிக்கா?

தோழர்களே, இது கொஞ்சம் நம்மளையே கேட்டுக்க வேண்டிய கேள்வி. முழுசா படிங்க.

போன கூட்டத்துக்கு வண்டி ஏற்பாடு பண்ற வேலை என்கிட்ட வந்துச்சு. ரேட் கம்மின்னு வாட்ஸ்அப் குரூப்ல பார்த்து ரெண்டு ஓன் போர்டு காரை புக் பண்ணிட்டேன். மறுநாள் ஸ்டாண்டுல ஒரு அண்ணன் கூப்பிட்டார். மஞ்ச போர்டு வண்டி, முன்னாடி நம்ம கொடி கட்டியிருக்கு. "தம்பி, கொடி கட்ட என் வண்டி, வாடகைக்கு மட்டும் அந்த வண்டியா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

அந்த அண்ணன் வண்டியை ரோட்டுல இறக்க என்னென்ன வேணும்? பர்மிட். வாடகை வண்டிக்கான வரி. சொந்தக் காரைவிட அதிகமான இன்சூரன்ஸ் பிரீமியம். முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். புது வண்டின்னா ஜி.பி.எஸ். கருவி, பேனிக் பட்டன். எஃப்.சி.க்காக வண்டி நிக்கிற நாள்ல வருமானம் நின்னுடும், டியூ நிக்காது.

வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்குன்னு பதிவான வண்டி. பர்மிட் இல்ல. 15 வருஷம் வரைக்கும் எஃப்.சி. கவலை இல்ல. அதே வண்டி சேலத்துல இருந்து ஏற்காடு, கொல்லிமலை, கோயமுத்தூர்னு வாடகைக்கு ஓடினா, கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா குறைச்சுக் கேக்கிறது என்ன பெரிய விஷயம்? ஒழுங்கா கட்டுறவரால அந்த ரேட்டுக்கு எப்படி ஓட்ட முடியும்?

சட்டம் இல்லாம இல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 66 தெளிவா சொல்லுது: பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது. மீறினா பிரிவு 192ஏ. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரைக்கும் சிறை. பிரிவு 207-ன்படி வண்டியையே பிடிச்சு வைக்கலாம்.

ஆனா ரோட்டுல கை காட்டி நிறுத்தப்படுறது யாரு? மஞ்சள் பிளேட் தூரத்துலயே தெரியும். பேப்பர் எல்லாத்தையும் காட்டணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஃபைன். வெள்ளை பிளேட் வண்டியில "சொந்தக்காரங்க சார்"னு ஒரு வார்த்தை சொன்னா கதை முடிஞ்சது. சட்டத்துக்குள்ள வந்தவனைப் பிடிக்கிறது சுலபம், வெளிய நிக்கிறவனைப் பிடிக்கிறது கஷ்டம். அதனால சுலபமான வேலை மட்டும் நடக்குது.

"சுப்ரீம் கோர்ட்டே பேட்ஜ் வேண்டாம்னு சொல்லிடுச்சே, அப்புறம் என்ன?"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. 2024 நவம்பர் 6-ல 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது உண்மைதான். எல்.எம்.வி. லைசென்ஸ் இருக்கிறவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் தனி அனுமதி இல்லாம ஓட்டலாம். நல்ல தீர்ப்பு, டிரைவர்களுக்கு நிம்மதி. ஆனா அது ஓட்டுறவரோட லைசென்ஸ் பத்தினது. வண்டியோட பர்மிட் பத்தினது இல்ல. லைசென்ஸ் வேற, பர்மிட் வேற. இந்தக் குழப்பத்தை வச்சுத்தான் பலர் தப்பிக்கிறாங்க.

இன்னொண்ணு, நம்ம உயிர் சம்பந்தப்பட்டது. வாடகைக்கு ஓடின சொந்த வண்டி விபத்துல சிக்கினா, "பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓடியிருக்கு, எங்க மேல பொறுப்பு இல்ல"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாட சட்டத்துலயே இடம் இருக்கு. பிரிவு 150-ஐப் பாருங்க. தொப்பூர் இறக்கத்துல ஒரு நொடி போதும். மிச்சம் பிடிச்ச 500 ரூபாய்க்காக குடும்பமே வருஷக்கணக்குல கோர்ட்டுக்கு அலையணுமா?

இதுல ஓன் போர்டு ஓட்டுற பசங்க நமக்கு எதிரி இல்ல. என்கூட பி.இ. முடிச்சவனே வேலை கிடைக்காம, இ.எம்.ஐ. கட்ட ஓட்டிட்டு இருக்கான். அவனை ஜெயில்ல போடுங்கன்னு நான் கேக்கல. பக்கத்து வீட்டுக்காரரை அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதையும் யாரும் தப்பு சொல்லல. அதுக்கு 192ஏ-லயே விலக்கு இருக்கு.

நம்ம கோரிக்கை மூணு:

👉 சொந்த வண்டியை மஞ்ச போர்டா மாத்துறதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எளிமையாக்கணும், செலவைக் குறைக்கணும். முதல்ல உள்ள வர வழி விடுங்க.

👉 அதுக்கப்புறமும் மாறாம, பல வண்டிகளை வச்சுத் தொழிலா நடத்துற ஆளுங்க மேல 192ஏ பாயணும்.

👉 மஞ்ச போர்டு டிரைவர் பேப்பரை டிஜிலாக்கர்ல காட்டினா ஏத்துக்கணும். விதி 139 அதைத்தான் சொல்லுது. ஒரிஜினல் கேட்டு நிக்க வைக்கிறது நிக்கணும்.

இதெல்லாம் அரசாங்கத்துக்கிட்ட கேக்கிறது. நம்மகிட்ட நாமே கேக்க ஒண்ணு இருக்கு. மாநாடு, பிரச்சாரம், கல்யாணம், கோயில், எதுக்கு வாடகை வண்டி பிடிச்சாலும் மஞ்ச போர்டு பிடிங்க. அடுத்த கூட்டத்துக்கு நான் அந்த அண்ணன் வண்டியைத்தான் சொல்லியிருக்கேன். கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா அதிகம்தான். தொழிலாளி பக்கம் நிக்கிறோம்னு மேடையில பேசுறோமே, அந்த ரெண்டு ரூபாயைக் கொடுக்கிறப்பதான் அது உண்மையாகும்.

உங்க ஊர் ஸ்டாண்டுல நிலைமை எப்படின்னு கமெண்ட்ல எழுதுங்க. டிரைவர் அண்ணன்களுக்கு ஷேர் பண்ணுங்க.

#மஞ்சபோர்டுபக்கம்நிற்போம் #சேலம் #நாமக்கல்