கடைக்குக் கடை கேமரா! சாவி யார் கையில்?

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மளிகைக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை எங்கும் கேமரா தொங்குகிறது.

"மூன்றாவது கண்" என்று சென்னை போலீசார் சில ஆண்டுகளுக்கு முன்பு பிரசாரம் செய்தார்கள். கேமராக்கள் பெருகின. திருடர்கள் சிக்கினார்கள். நல்லதுதான்.

ஆனால், அந்தக் கேமராவுக்குள்ளேயே திருடன் புகுந்தால்?

புகுந்திருக்கிறான்!

ராஜ்கோட் கொடுமை

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பெண்களுக்கு டாக்டர்கள் பரிசோதனை செய்த காட்சிகள், 2025 பிப்ரவரியில் இன்டர்நெட்டில் வெளியாகின. டெலிகிராமில் அவற்றைக் காசுக்கு விற்றார்கள். அகமதாபாத் சைபர் கிரைம் போலீசார் சிலரைக் கைது செய்தார்கள்.

எப்படி உள்ளே போனார்கள்? சுவர் ஏறிக் குதிக்கவில்லை. கேமராவின் பாஸ்வேர்டு "அட்மின்123". பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு அது. அதை யாரும் மாற்றவே இல்லை! இதே வழியில் வேறு பல ஊர் கேமராக்களிலும் புகுந்தது பிறகு தெரிந்தது.

அந்தப் பெண்கள் என்ன தப்பு செய்தார்கள்? வைத்தியத்துக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

"நம்ம கடையில் என்ன புதையலா இருக்கு?" என்று கேட்கும் வியாபாரிகள் உண்டு. கல்லாப் பெட்டியை விடுங்கள். கடையில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அதே ஆள் வந்து வீட்டு ஹாலிலும் ஒரு கேமரா மாட்டியிருப்பார். அதற்கும் அதே பாஸ்வேர்டு!

மாட்டுகிறவருக்கு அடுத்த கடைக்கு ஓடும் அவசரம். முதலாளிக்கு செல்போனில் படம் தெரிந்தால் போதும். "மாத்தினா மறந்து போயிடும் சார்" என்பார். இவரும் தலையாட்டுவார். ஆபீஸ் குமாஸ்தா மட்டும் லேசுப்பட்டவரா? பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி, கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டி வைக்கிறார்!

பாரீசிலும் இதே கதை

2025 அக்டோபர் 19-ந் தேதி பாரீஸ் லூவர் மியூசியத்தில் நகைக் கொள்ளை நடந்தது. அதன் பிறகு பழைய சோதனை அறிக்கை ஒன்று வெளியே வந்தது. 2014-ல் அங்கே கேமரா கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? "லூவர்"! (கொள்ளைக்கு அது காரணம் அல்ல. ஏணி வைத்து ஏறி, ஜன்னலை அறுத்துத்தான் புகுந்தார்கள்.)

இங்கிலாந்தில் "12345", "அட்மின்" போன்ற பாஸ்வேர்டுகளோடு சாமான் விற்கவே 2024 ஏப்ரல் 29 முதல் தடை. நம் நாட்டில், அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆள் உள்ளே போவான். வெளியே போன படம் திரும்பி வராது.

கேமரா மாட்டியவருக்குக் கூலியை எண்ணிக் கொடுக்கும் முன்பே அவரை நிறுத்திக் கேளுங்கள். பழைய பாஸ்வேர்டை நீங்களே உங்கள் கையால் மாற்றுங்கள். புதியதை அவரிடமும் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை. யாரோ புகுந்ததாகச் சந்தேகம் வந்தால், உடனே கேமராவின் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கலாம். பணமும் போயிருந்தால் 1930-க்கு போன் செய்யுங்கள்.