தேயிலை மலையிலிருந்து ஒரு பதில்

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போய்க் காட்டுப் பாதையில் ஏறினால் கவி. கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்ய அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள். 1964இன் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 5,25,000 பேரில் சிலர். தலைமுறைகளாகத் தேயிலை பறித்த நாட்டில் அவர்கள் கேட்க நேர்ந்த கேள்வி: இங்கே உனக்கென்ன வேலை?

அதே கேள்விக்கு லண்டனில் இருந்துகொண்டு பதில் சொன்னவர் அம்பலவாணர் சிவானந்தன். 1923இல் பிறந்த இலங்கைத் தமிழர். பொருளாதாரம் படித்துவிட்டு அந்தத் தேயிலை மலைகளில்தான் ஆசிரியராக இருந்தார். பிறகு இலங்கை வங்கியில் மேலாளர். 1958 இனக்கலவரம் அவரை லண்டனுக்குத் துரத்தியது. அங்கேயும் அந்த ஆண்டு நாட்டிங்ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. வங்கி மேலாளருக்குக் கிடைத்தது ஒரு நூலகத்தில் எடுபிடி வேலை. தேநீர் போட்டுக் கொடுப்பதும் அதில் சேர்த்தி. (தேயிலை நாட்டுக்காரருக்குப் பொருத்தமான வேலைதான்!)

நூலகப் பயிற்சி முடித்து, 1964இல் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகரானார். கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் தந்த பணத்தில், குடியேறிய கறுப்பர்களை ஆராய்ந்த நிறுவனம் அது. ஆராயப்பட வேண்டியது வெள்ளைச் சமூகத்தின் நிறவெறி என்பது சிவானந்தன் கட்சி. மோதல் முற்றி, 1972இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் நிர்வாகக் குழு தோற்று வெளியேறியது. பணமும் கூடவே போயிற்று. மறு ஆண்டு இயக்குநரான நூலகருக்கு மிஞ்சியவை புத்தகங்களும் சில ஊழியர்களும்தான். 1974இல் 'ரேஸ்' என்ற ஏடு அவர் கையில் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' ஆயிற்று. நிறத்தை வர்க்கத்திலிருந்து பிரித்துப் பேசுவது ஏமாற்று என்று அவர் கருதினார். கறுப்பு என்பது அவருக்கு வெறும் தோல் நிறமல்ல, ஓர் அரசியல் நிலைப்பாடு. ஆசியரும் ஆப்பிரிக்கரும் கரீபியரும் அதற்குள் அடக்கம்.

குடியேறியவர்களை ஏன் வந்தாய் என்று கேட்ட பிரிட்டனுக்கு அவர் பதில் ஒரே வரி: நீங்கள் அங்கே வந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம். இங்கிலாந்தைவிட இந்த மலைகளுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இலங்கைக் காடுகளில் வெள்ளைக்காரர் தோட்டம் போட்டார்கள்; கங்காணிகள் ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். 1948இல் குடியுரிமையை இழந்தது தோட்டமல்ல, தோட்டத்தில் வேலை செய்தவர்கள்.

ஆங்கிலத்திலேயே எழுதியதாலோ என்னவோ, தமிழ்நாட்டில் அவரைப் பற்றிய பேச்சு குறைவு. இலங்கையின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் அவரது நாவல் 1997இல் வந்தது.

2018 ஜனவரியில் இறந்தார். சில மாதங்களில் 'விண்ட்ரஷ்' விவகாரம் வெடித்தது: சிறுவயதில் கரீபியனிலிருந்து சட்டப்படி வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்தவர்களிடம் பிரிட்டன் அத்தாட்சி கேட்டிருந்தது. காட்ட முடியாதவர்களில் சிலரை நாடு கடத்தியும் இருந்தது.