கபிலக்கல்: கனலா, வடக்கிருத்தலா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூருக்குச் செல்லும் இலக்கிய அன்பர்கள் உலகளந்த பெருமாளை வணங்குவர். முதலாழ்வார் மூவரும் இடைகழியில் கூடிய கதையைப் பேசுவர். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலை ஒட்டிப் பெண்ணையாற்றுக்குள் நிற்கும் ஒற்றைப் பாறைவரை வருவோர் சிலரே. குடியில்லாத பாறை. உச்சியில் சிறியதொரு செங்கற்கோயில், உள்ளே சிவலிங்கம், அவ்வளவுதான். ஊரார் இதனைக் கபிலர் குன்று என்கின்றனர். குன்று என்பதை நம்பிப் போனால் ஏமாற்றமே! முதலாம் இராசராசன் காலத்து வீரட்டானக் கல்வெட்டோ கபிலக்கல் என்கிறது. நமக்கு இப்பெயரே உவப்பு, அளவும் பொருந்துகிறது.

சிக்கல் பெயரில் இல்லை, கபிலரின் முடிவில் இருக்கிறது. புறநானூற்று 236ஆம் பாட்டின் பழங்குறிப்பு, அவர் பாரிமகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் என்கிறது. கல்வெட்டு, பாரியின் மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிடுகின்றனர். அது முறையன்று. பாட்டில் தீயும் இல்லை, வடக்கிருத்தலும் இல்லை. தன்னை விட்டுவிட்டுத் தனியே போன நண்பன்மீது ஓர் ஊடல், மறுமையிலேனும் பிரியாதிருக்கும் வேண்டுதல், இவையே உள்ளன.

நாம் பழங்குறிப்பின் பக்கமே சாய்கிறோம். காரணம் உண்டு. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவள். கணவன் சுந்தர சோழனோடு அவள் தீப்புகுந்ததைப் புகழ்வதும் அதே கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டே. தீப்புகுதலைப் பெருமையாகப் போற்றிய அக்காலம், பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய புலவரையும் நெருப்புக்குள் அனுப்பிவிட்டதோ? இது நம் ஐயம் மட்டுமே. கல்வெட்டைப் பொய்யென்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை.

ஆகவே சிலை, சிமெண்ட் படிக்கட்டு, அலங்கார வளைவு எதுவும் இங்கே வேண்டா. கரையில் ஒரு பலகையில் இரு சான்றுகளையும் அருகருகே எழுதிவைத்தால் போதும். அதையும் மேட்டில் நட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட்டது இந்த ஆற்றில்தான்.