கூடுதல் பட்டை தேவைதானா?

விளைபொருளைத் தமது சிறு சரக்கு வண்டியிலேயே சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் இன்று பலர். வண்டி வாங்கியதும் பட்டறைக்குப் போய், பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொள்கிறார்கள். இது எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதே நம் கருத்து.

5 பட்டைகள் உள்ள ஸ்பிரிங்கில் அதே அளவுள்ள இன்னொரு பட்டையைச் சேர்த்தால், விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எல்லாப் பட்டைகளின் கனத்தையும் இரட்டித்தால் 8 மடங்காகும். எனவே, "சற்றுக் கனமான பட்டை" என்பது சிறு மாற்றமல்ல.

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததே. பாரம் குறைவாக இருக்கையில் விறைத்த ஸ்பிரிங் வளைந்து கொடுக்காது. குழியில் விழும் அதிர்ச்சி நேரே கூடைக்குப் போகும்; அடியிலுள்ள தக்காளி நசுங்கும். காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் துள்ளும். மழை நாளில் வளைவில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும்.

அனுமதித்த முழுப் பாரத்தைத் தினமும் ஏற்றி, தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு விறைப்பான ஸ்பிரிங் பொருந்தலாம். வாரம் இரு நாள் அரைப் பாரம் காய்கறியுடன் மண் பாதையில் போகிறவருக்கு, வண்டியுடன் வந்த ஸ்பிரிங்கே நல்லது. வேகமாக ஓட்டுபவர் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரத்தை உயரமாக அடுக்காமல் தாழ்வாகப் பரப்ப வேண்டும்.

பட்டை கூடினால் ஏற்றும் அளவும் கூடும் என்று நினைப்பது பெருந்தவறு. அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவையே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. ஒரு நடையை மிச்சப்படுத்தப் போய் பல நடைகளின் வருமானத்தை இழக்கலாமா?

வண்டி பின்பக்கம் தாழ்ந்தால், பட்டை உடைந்துள்ளதா, புஷ் தேய்ந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். வண்டி அதிகம் ஆடினால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று கவனியுங்கள். மாற்றினால் இரு பக்கமும் ஒரே அளவாக மாற்றுங்கள். பட்டறைக்காரர் சொல்வதற்காக அல்ல, உங்கள் பாரத்துக்கும் பாதைக்கும் தக்கபடி முடிவு செய்யுங்கள்.