நிலாப் புத்தகம் வீடு வீடாகப் போகட்டும்!

"நேற்றைவிட இன்று நிலா ஏன் பெரியதாக இருக்கிறது?"

சோறு உண்ணும் குழந்தை கேட்கும் கேள்வி இது. ஊட்டுகிறவருக்கு ஆயிரம் வேலை. "பேசாமல் சாப்பிடு!" என்று அதட்டுகிறார். குழந்தை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நல்ல கேள்வி அங்கேயே மடிந்து போகிறது.

அதற்குப் பதில் சொல்ல ஒரு சின்னப் படப் புத்தகம் போதும். சந்திரனின் ஒரு பாதியில் எப்போதும் சூரிய வெளிச்சம் விழுகிறது. சந்திரன் பூமியைச் சுற்றி வரும்போது, அந்த வெளிச்சப் பாதியில் கண்ணுக்குத் தெரியும் பங்கு கூடுகிறது; குறைகிறது. பூமியின் நிழல்தான் பிறையை உண்டாக்குகிறது என்று எண்ணும் பெரியவர்களும் உண்டு. பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே.

இதைச் சொல்லும் புத்தகம் எங்கே இருக்கிறது? பக்கத்துத் தெருவில், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது! அதைப் படித்த பையன் வளர்ந்து வேலைக்கே போய்விட்டான். புத்தகத்துக்கு மட்டும் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

வானம் எல்லோருக்கும் பொது. ஏழை வீட்டு முற்றத்திலும் அதே நிலாதான் காய்கிறது. ஆனால் வானத்தைப் பற்றிய புத்தகம் காசு உள்ள வீட்டில்தான் இருக்கிறது. இது நியாயமா?

மாட்டு வண்டியில் நூலகம்

மன்னார்குடி வட்டாரத்தில் 1931-ம் ஆண்டு ஒரு மாட்டு வண்டி ஓடியது. அது நெல் மூட்டை ஏற்றவில்லை. புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றது. அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது அவர் வகுத்த முதல் விதி.

அன்று அதற்கு ஒரு வண்டியும் மாடும் தேவைப்பட்டன. இன்று ஒரு தெருவுக்குள் புத்தகம் சுற்ற ஒரு பையே போதும். பத்து வீட்டார் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துப் புத்தகம் கிடைக்கும்.

நிலாவே தவணை சொல்லும்

புத்தகத்தை எப்போது திருப்பித் தருவது? அதற்கு நோட்டீசு வேண்டாம். ஒரு பௌர்ணமிக்கு வாங்கினால், மறு பௌர்ணமிக்குக் கொடுக்க வேண்டும். இடையே சுமார் 29½ நாள். தவணை நெருங்குவதைக் குழந்தையே வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்! வளர்பிறையில் நிலாப் புத்தகம் படிக்கலாம். அமாவாசையை ஒட்டிய இருட்டில், நட்சத்திரப் புத்தகத்துடன் மொட்டை மாடிக்குப் போகலாம். கார்த்திகையையும் திருவாதிரையையும் தை மாத இரவில் விரல் நீட்டிக் காட்டலாம்.

பழைய புத்தகமாயிற்றே என்று தயங்க வேண்டாம். "கிரகங்கள் 9" என்று அதில் அச்சாகியிருக்கலாம். 2006-ல் புளூட்டோ அந்த வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது 8 கிரகங்களே. "சந்திரனில் தண்ணீரே இல்லை" என்றும் இருக்கலாம். 2008-ல் இந்தியா அனுப்பிய சந்திரயான்-1, அங்கே நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கு அடையாளம் கண்டது. இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தப் பக்கத்தில் ஒட்டினால் போதும். விஞ்ஞானம் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற பாடமும் குழந்தைக்குக் கிடைக்கும்.

கிழிந்தால் என்ன?

"பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே!" என்று பலர் அஞ்சுகிறார்கள். கிழிந்தால் ஒட்டலாம். அலமாரியில் கரையான் அரித்தால் ஒட்ட முடியுமா? பழுப்புத் தாளில் அட்டை போட்டு, வாங்கும் குழந்தையின் பெயரை உள்ளே எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதிய கைக்குப் பொறுப்பு தானே வந்துவிடும்.

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகே உள்ள கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்தவர். 23-8-2023 அன்று சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். இத்தகையவர்கள் சிற்றூரிலிருந்தும் வருவார்கள். அடுத்தவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? புத்தகம் எல்லாத் தெருவுக்கும் போனால்தான் அவர் கைக்கும் கிடைக்கும்.

வரும் பௌர்ணமிக்குள் அலமாரியைத் திறவுங்கள்!