பூட்டியிருந்தீர்களா?

சைக்கிளைப் பறிகொடுத்தவரிடம் இந்த உலகம் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு. "பூட்டியிருந்தீர்களா?" என்பதே அது. கேட்பவர் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏட்டையாவாக இருக்கலாம். பறிகொடுத்தவரின் சொந்த மாமனாராகவே இருக்கலாம். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. "பூட்டவில்லை" என்று சொன்னால், "அதுதானே பார்த்தேன்!" என்கிறார்கள். "பூட்டித்தான் இருந்தேன்" என்று சொன்னாலோ, ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். வீட்டில் கன்னம் வைத்துத் திருடினால் ஊரார் திருடனை வைகிறார்கள். கோவில் வாசலில் செருப்பு போனால் காலத்தை வைகிறார்கள். சைக்கிள் போனால் மட்டும் வசவு முழுவதும் சைக்கிளுக்கு உடையவரையே வந்து சேருகிறது.

இந்த நியாயம் சரியில்லை என்பது என் கட்சி. வண்டியில் பூட்டு என்று ஒன்று இருந்துவிட்டால் வண்டி பத்திரமாயிருக்கும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக விற்கும் சைக்கிள் பூட்டுக்களைக் கையில் வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

"போனது ஒரு சைக்கிள், இதற்கு இத்தனை பேச்சா?" என்று மோட்டார் வைத்திருக்கும் அன்பர்கள் கேட்கக் கூடும். இத்தாலியில் 1948-ஆம் வருஷம் விட்டோரியோ டி சிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படத்தை அவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். ரோமாபுரியில் வேலையில்லாத் திண்டாட்டம். சுவர் விளம்பரம் ஒட்டும் வேலை ஒன்று ஒருவனுக்குக் கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்டுக் கொடுக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே, அவன் ஏணி மேல் நின்று படத்தை ஒட்டிக்கொண்டிருக்கையில், ஒருவன் சைக்கிளில் ஏறிப் பறந்து போய்விடுகிறான். மற்றப் படமெல்லாம் தகப்பனும் சிறு பிள்ளையும் அந்தச் சைக்கிளைத் தேடி அலைவதுதான்.

அது வெளிநாட்டுக் கதை என்றால், நம் புதுக்கோட்டைச் சீமையைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே நடந்த போது, எழுத்தோடு கூடச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் பொதுக் காட்சிகளிலும் போட்டிகளிலும் சைக்கிள் விட்டுக் காட்டினார்கள். பஸ்ஸுக்காகக் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் தாமே போய்வர முடிந்தது என்பது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம்! அத்தகைய ஒரு வீட்டில் சைக்கிள் போனால், போவது வெறும் இரும்பு மட்டும் அல்ல.

இன்னும் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய குற்றச் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் திருட்டு தனி ரகம். முதல் தடவையாகக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குத் தண்டனை சமூக சேவை. அதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. பசிக்குத் திருடியவனைச் சிறையில் தள்ளி ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் அதே சட்டங்கள் இந்தச் சிறு திருட்டை, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸார் புலன் விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையிலும் வைத்திருக்கின்றன. பால்காரருடைய நாலு வருஷத்துச் சைக்கிளுக்கு 5,000 ரூபாய் யார் மதிப்புப் போடுவார்கள்? ஆகவே அவருடைய சைக்கிளுக்கு முதற் காவலும், அநேகமாய்க் கடைசிக் காவலும், அந்தப் பூட்டுத்தான்.

அந்தக் காவற்காரனின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

நம் தேசத்தில் எங்கும் காணப்படுவது பின் சக்கரத்துப் பூட்டு. லாடம் போல் வளைந்த ஒரு தகட்டுக் கூடு. அதற்குள் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று. குமிழைக் கீழே தள்ளினால் கம்பி ஸ்போக்குகளுக்கு நடுவே பாய்ந்து எதிர்ப் பக்கத்துத் துளையில் போய் உட்காரும். சாவி கையோடு வந்துவிடும். சாவியைப் போட்டுத் திருகினால், உள்ளே இருக்கும் வில் கம்பியைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அருமையான யோசனைதான். பூட்டைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வருவதற்கும் இடமில்லை. தபாலாபீசில் ஒரு கவர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு இதைவிடச் சௌகரியமான பூட்டு கிடையாது.

ஆனால், அது வண்டியை எதனோடும் கட்டிப் போடுவதில்லை. சக்கரம் சுழலாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பின் பக்கத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்தால் வண்டியை உருட்டிப் போகும் மனிதனைத் தெருவில் பார்த்தால், "ஐயோ பாவம், சாவியைத் தொலைத்துவிட்டான் போலிருக்கிறது" என்று நமக்கு இரக்கம் உண்டாகிறது. தர்மிஷ்டர்கள் சிலர் ஒரு கை கொடுத்துத் தூக்கியும் விடுகிறார்கள்! மேலும் அந்தக் கூடு மெல்லிய தகடு. திருப்புளியைச் செருகி நெம்பினால் வாய் பிளந்துவிடும். மலிவுப் பூட்டுக்களின் சாவி விஷயம் இதைவிட வேடிக்கை. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் ஒரு பையனுடைய சாவி தொலைந்து போனால் அவன் என்ன செய்கிறான்? சிநேகிதர்களுடைய சாவிகளை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். பல சமயங்களில் ஏதாவது ஒன்று திறந்துகொள்ளும். சாவிகளில் அத்தனை சில வகைகள்தான் உண்டு.

"அதெல்லாம் பழைய காலத்துப் பூட்டு, ஸார்!" என்று கடைக்காரர் பாம்பு போன்ற ஒரு கம்பி வடத்தை எடுத்து நீட்டுவார். கட்டைவிரல் பருமன் இருக்கும். அந்தப் பருமனில் பெரும் பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பிதான். கம்பி வெட்டும் கத்தரியால் இழை இழையாக நறுக்கிவிடலாம். உறை இருப்பதனால் நறுக்கும் சத்தங்கூட அவ்வளவாகக் கேட்பதில்லை.

சாவியே இல்லாமல் எண் சக்கரங்கள் வைத்த பூட்டும் உண்டு. மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரம் என்றவுடன் நமக்கு மலைப்பாயிருக்கிறது. எண்ணுக்கு இரண்டு விநாடி வீதம் போட்டால், முழுவதையும் பார்த்து முடிக்க முப்பத்து மூன்று நிமிஷம். நாம் சினிமாக் கொட்டகைக்குள் இருந்தால், இடைவேளை மணி அடிப்பதற்கு முன் வண்டி அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தச் சிரமங்கூட அநேகமாய் வேண்டியிராது. பூட்டின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தாற்போல் வைத்துக்கொண்டு சக்கரங்களைத் திருப்பினால், மட்டமான பூட்டுக்களில் சரியான எண் வரும்போது விரலுக்கே தெரிந்துவிடும்.

இங்கே வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். "குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையில் திருடுவதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா?" என்று அவர்கள் கேட்பார்கள். இது புதிய கேள்வி அன்று. லண்டனில் 1851-இல் நடந்த மகா பொருட்காட்சியின் போதே இது பலமாக விவாதிக்கப்பட்டது. பிரமா என்ற பூட்டுக்காரரின் கடை ஜன்னலில், 1790 முதல் ஒரு பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகையும் போட்டிருந்தார்கள். அறுபது வருஷம் அதை யாரும் திறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் வந்தார். முதலில், திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனிப் பூட்டு ஒன்றை இருபத்தைந்து நிமிஷத்தில் திறந்தார். பிறகு பிரமாவின் பூட்டோடு பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் மல்லுக்கட்டி, அதையும் திறந்து பரிசைப் பெற்றுக்கொண்டார். லண்டன்வாசிகளுக்குத் தூக்கம் போயிற்று. இதையெல்லாம் பகிரங்கப்படுத்தலாமா என்று கூச்சல் எழுந்தது. பூட்டுக்களின் குறைகளைத் திருடர்கள் ஏற்கனவே நன்றாக அறிவார்கள், பூட்டு வாங்குகிறவர்கள்தான் அறியாதவர்கள் என்பது ஹாப்ஸின் கட்சி. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது சைக்கிள் பூட்டு விஷயத்திலேயே பிற்பாடு ருசுவாயிற்று. அமெரிக்காவில் கிரிப்டோநைட் என்று ஒரு கம்பெனி. (கதையில் வரும் சூப்பர்மேன் என்னும் சூரனையே சோர்ந்து விழச் செய்யும் கல்லுக்கு அந்தப் பெயர்.) நம் 'ப' எழுத்தைப் போல் வளைத்த பருத்த எஃகுப் பூட்டுக்களால் உலகமெங்கும் பேர் பெற்ற கம்பெனி அது. ரம்பத்துக்கும் கத்தரிக்கும் அசையாத பூட்டு. ஆனால் அதன் சாவித் துவாரம் வட்டமானது. சாவி ஒரு சிறு குழாய். 2004-இல் ஒருவர், சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அந்தத் துவாரத்தில் அழுத்தித் திருகிப் பூட்டைத் திறந்து காட்டினார். மெத்தென்ற பிளாஸ்டிக், உள்ளே இருந்த ஊசிகளுக்குத் தக்கபடி தானே பள்ளம் விழுந்து சாவியாகிவிட்டது! செய்தி சில நாட்களில் உலகெல்லாம் பரவியது. கம்பெனியார் லட்சக்கணக்கான பூட்டுக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதுப் பூட்டு மாற்றிக் கொடுத்தார்கள். விசேஷம் என்னவென்றால், இதே சூட்சுமம் 1992-லேயே ஓர் ஆங்கிலச் சைக்கிள் பத்திரிகையில் வெளியாகியிருந்தது. அப்போது அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடையில் போன பன்னிரண்டு வருஷமும், விஷயம் தெரிந்த திருடனுக்கு லாபம். பணம் கொடுத்துப் பூட்டு வாங்கியவருக்கு நஷ்டம்.

உடைக்க முடியாத பூட்டு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. பாட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் வந்துவிட்ட பிறகு, எவ்வளவு பருத்த எஃகும் சில நிமிஷ வேலைதான். ஆகையால் பூட்டுக்கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது நிமிஷங்களை. எத்தனை நிமிஷம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குப் பாத்தியதை உண்டு. பிரிட்டனில் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. திருடர்கள் கொண்டு வரும் கருவிகளாலேயே பூட்டுக்களைத் தாக்கிப் பார்த்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரித்து முத்திரை போடுகிறார்கள். ஹாலந்தில் நட்சத்திரங்கள் கொடுக்கிறார்கள். நம் கடையில் போய்க் கேட்டால், "கம்பெனி அயிட்டம், ஸார், தைரியமாக எடுத்துப் போங்கள்" என்பதுதான் முத்திரை.

இத்தனைக்கும் பூட்டுத் தொழிலில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. திண்டுக்கல் பூட்டைத் தெரியாத தமிழர் உண்டா? 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் லீவர்களைத் தனித்தனியே கையால் அராவிப் பொருத்தும் தொழிலாளிகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவியும் இயந்திரப் பூட்டுக்களோடு போட்டி போட முடியாமல், வருஷத்துக்கு வருஷம் அவர்கள் தொகை குறைந்து வருகிறது. அந்தக் கைகளைக் கொண்டு பதம் ஏற்றிய எஃகில் நல்ல சைக்கிள் பூட்டு ஒன்றும், அதற்கு ஏற்ற சங்கிலியும் செய்வித்து, தரம் பார்த்து முத்திரையிட்டு விற்கச் சர்க்கார் ஏன் முன்வரக் கூடாது? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் சைக்கிள் வழங்கிய ராஜ்யம் இது. சைக்கிளோடு உருப்படியான ஒரு பூட்டையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரு கல்லில் இரண்டு மாங்காய்; திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு என்றே ஒரு வகை உண்டு!

அது நடக்கிற வரையில் நம்மாலானதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். பின் சக்கரத்துப் பூட்டைக் கழற்றி எறிய வேண்டாம்; அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி வாங்கினால், கண்ணிகள் பதம் ஏறியவையா என்று பாருங்கள். அரத்தால் தேய்த்தால் வழுக்க வேண்டும், பொடி உதிரக் கூடாது. (கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.) சங்கிலி சக்கரத்தையும் சைக்கிளின் சட்டத்தையும் சேர்த்து, பூமியில் நன்றாக ஊன்றிய ஒரு கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கட்டினால், திரும்பி வரும்போது முன் சக்கரம் மட்டும் இருக்கும். சங்கிலி தரையில் படும்படி தொங்கவிட்டால், தரையே திருடனுக்குப் பட்டறைக் கல் ஆகிவிடும்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு போகும் குழாயின் அடியில், அல்லது ஸீட்டுக்குக் கீழே உள்ள குழாயில், ஒரு நம்பர் கொத்தியிருக்கும். ஒரே நிறத்தில் ஒரே மாதிரி நிற்கும் நூறு சைக்கிள்களில் உங்களுடையது எது என்று போலீஸாருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எடுத்துக் காட்ட வேறு வழி இல்லை. அதை வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து, வாங்கிய பில்லையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கவும். மேலே பெயிண்டு அப்பி நம்பர் சரியாகத் தெரியாவிட்டால், ஒரு மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் போதும். எழுத்துக்கள் காகிதத்தில் விழும். குழந்தைகளிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள்.