மெண்டல் பாடத்தில் நான் சொல்லாமல் விட்டது

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாமலே நோட்டை அடுக்கி வைத்தவர்கள்தானே நீங்கள்!

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் தொடங்கும் அன்று வகுப்பே சிரிக்கும். கரும்பலகையில் 'கிரிகர் மெண்டல்' என்று எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், இவனைப் பத்திதான் பாடமா?" பக்கத்துப் பையனைக் கையும் காட்டுவான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

போன மாதம் என் தம்பி மகளுக்கு ஒரு வரன் அமைந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பூ வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளையின் அப்பா எனக்குப் போன் செய்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் படித்தவர்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட அப்பா மனநல டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிடுறாராமே. ஜீன்ல இருந்தா பிள்ளைங்களுக்கும் வரும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

34 வருடம் பாடம் நடத்திய எனக்கு அந்த நிமிடம் வாய் வரவில்லை. வரன் நின்றுவிட்டது. அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று எழுதுகிறேன். தம்பியிடமும் அவன் மகளிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

நான் நடத்தியது பட்டாணிச் செடி. அதில் உயரமா குட்டையா என்பதை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கும். கட்டம் போட்டு 3:1 என்று விடை எழுதினால் முழு மதிப்பெண். மனிதனின் மனச்சோர்வும் பதற்றமும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அது என் தவறு.

இன்னொரு தவறும் செய்தேன். 2003இல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 847 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. செரோட்டோனின் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபடும்போது எளிதில் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்றது அது. உலகமே கொண்டாடியது. நானும் ஆர்வத்தில் வகுப்பில் சொன்னேன். சிலருக்கு நினைவிருக்கலாம்.

அது நிலைக்கவில்லை. 2009இல் 14 ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2019இல், மனச்சோர்வுக்குக் காரணம் என்று பெயர் வாங்கிய 18 மரபணுக்களை லட்சக்கணக்கானவர்களின் தகவலில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய வேறு மரபணுக்களைவிட அவை எதுவும் மேலாக இல்லை. ஆகவே வகுப்பில் நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. மறைக்கமாட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், மனச்சோர்வு விஷயத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சுமார் 37 சதவீதம் மரபணுவால் வருகிறது என்கின்றன. இதை 'பிள்ளைக்கு வர 37 சதவீத வாய்ப்பு' என்று படிக்காதீர்கள். இது ஒரு பெரிய கூட்டத்தின் கணக்கு, ஒருவருடைய தலையெழுத்து இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு கூடும். அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

2025 ஜனவரியில் வந்த ஆராய்ச்சிதான் இதுவரை நான் படித்ததில் பெரியது. 29 நாடுகளில், மனச்சோர்வு உள்ளவர்கள் மட்டும் 6,88,808 பேர். கிடைத்த மரபணு மாற்றங்கள் 697. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. கால் மார்க், அரைக்கால் மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும், அந்த மாப்பிள்ளையிடமும் இருக்கும். அதற்கு மேல் வளர்ப்பு, இழப்பு, கடன், தூக்கம், உடல்நோய் எல்லாம் சேர வேண்டும். ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகவே நம் ஊர்ப் பெண்ணின் எச்சிலைச் சோதித்து 'இவளுக்கு மனநோய் வரும், வராது' என்று யாராவது அறிக்கை கொடுத்தால், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஜாதகத்தில் இருக்கும் கட்டங்கள் போதும். புதிதாக ஒரு கட்டம் வேண்டாம்.

இந்த ஆராய்ச்சியால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. மூளையில் எந்தச் செல்கள் இதில் பங்கு பெறுகின்றன என்று காட்டுகிறது, புது மருந்துக்கு வழி தேடித் தருகிறது. எனக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று தெரிகிறது. இது சோம்பேறித்தனமோ, கோழைத்தனமோ, தெய்வ குற்றமோ இல்லை, உடம்பிலும் வேர் உள்ள ஒரு நோய் என்று அது சொல்கிறது. அவமானத்தைக் குறைக்க வந்த அறிவை, பெண்ணைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்தலாமா?

இப்போது எங்கள் வீட்டுக் கதை. 1998இல் தம்பிக்குத் தூக்கம் போனது. பேச்சு குறைந்தது. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கண் பட்டுவிட்டது என்றோம். தாயத்து கட்டினோம். கோயில் கோயிலாக அழைத்துப் போனோம். உயிரியல் டீச்சர் நான், நானும் கூடவே போனேன். இரண்டு வருடம் வீணானது. பிறகுதான் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நாலாவது வாரம் ஒரு காலையில், "அக்கா, இன்னொரு தோசை இருக்கா?" என்று கேட்டான். அடுப்படியில் நின்று அழுதேன்.

அதன் பிறகு அவன் கடை வைத்தான், மகளைப் பொறியியல் படிக்க வைத்தான். ஆனால் மாத்திரையைப் பற்றி யார் கேட்டாலும் 'தைராய்டு' என்றே நாங்கள் சொல்லி வந்தோம். அதனால்தான் வரன் வந்த நேரத்தில் அது ஏதோ குற்றம்போல வெளியே வந்தது. முதல் நாளே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தகப்பனாக அவர் கேட்டதில் தப்பே இல்லை. "எப்படி இருக்கிறார், ஒழுங்காகச் சிகிச்சை எடுக்கிறாரா" என்று அடுத்த கேள்வியையும் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். அவர் வீட்டிலேயே மூன்று பேருக்குச் சர்க்கரை. அதுவும் குடும்பத்தில் வருவதுதான். அதற்காக எந்த வரனும் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

நம் நாட்டில் 2015-16இல் எடுத்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. 'வெளியே தெரிந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது' என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தை நாம்தான் வளர்க்கிறோம்.

டீச்சர் என்ற உரிமையில் மூன்று விஷயம் கேட்கிறேன். டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். அப்பாவுக்கு எந்த மருந்து கேட்டது என்பது பிள்ளைக்கு மருந்து தேர்ந்தெடுக்கவும் உதவலாம். மாத்திரையைப் பத்து நாளில் குணம் தெரியவில்லை என்றோ, குணமாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு சேவை, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அந்த வரன் திரும்ப வர வேண்டும் என்று இதை எழுதவில்லை. தம்பி மகளே "விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள். போன் செய்த அந்த மாணவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உன் மேல் கோபம் இல்லையப்பா. நான் நடத்தியதை நீ மறக்கவில்லை. பாடத்தைப் பாதியில் நிறுத்தியது நான். மீதியை இன்று நடத்தி முடித்துவிட்டேன்.

இதை எழுதட்டுமா என்று தம்பியிடம் கேட்டபோது அவன் சொன்னது: "எழுதுக்கா. தைராய்டுன்னு மட்டும் எழுதிடாத."

அன்புடன்,
உங்கள் பயாலஜி டீச்சர்